எழுந்தால் நிற்கும் வண்டி

மனிதர்களுக்கு உட்காரத் தெரியாது, சார். சரிந்து, கோணி, ஒரு பக்கமாகப் பாரத்தைப் போட்டுத்தான் உட்காருவார்கள். அப்புறம் முதுகு வலிக்கிறது என்று நாற்காலியைத் திட்டுவார்கள். அதைச் சரிசெய்வதுதான் என் தொழில். பெயர் ஜோபின். எர்ணாவூரில் பட்டறை.

திருவொற்றியூரில் ஞானதுரை அண்ணாச்சியின் பருப்பு குடோனில் மூட்டை தூக்கும் ஃபோர்க்லிப்ட் வண்டிகளுக்கு சீட் செய்யச் சொன்னார்கள். எடுத்தவுடன் அளவு நாடாவைத் தூக்குகிறவன் இல்லை நான். ஓட்டுகிறவர்கள் எப்படி ஏறுகிறார்கள், எப்படி இறங்குகிறார்கள் என்று மூலையில் நின்று பார்த்தேன். அந்த வண்டியில் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஆள் எழுந்தால் வண்டி தானாக நின்றுவிடும். அந்தத் தைரியத்தில் அங்கே ஒருவனும் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. வாசல் பக்கம் தரை சரிவு. அங்கேயும் அப்படியே குதித்து இறங்குவார்கள். புத்தி அவ்வளவுதான்.

முதல் சீட்டைப் பொருத்திய அன்று பகலவன் ஏறினான். வியாசர்பாடிக்காரன், அங்கே மூத்த டிரைவர்.

"இன்னா சார், பல்லு புடுங்குற சேரு மாரி கீது? இதுல குந்திக்கினு வண்டி ஓட்டவா, வாயத் தொறக்கவா?"

குடோனே சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார். அவன் ஒரு சாக்கை மடித்து என் சீட்டின் மேல் போட்டு உட்கார்ந்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் மறுநாள் போய், உனக்கு என்ன வேண்டும் என்று மரியாதையாகவே கேட்டேன்.

"மூட்டைக்கு மேல எட்டிப் பாக்க எந்திரிக்க சொல்லோ வண்டி நின்னுபூடுது சார். எந்திரிச்சு எந்திரிச்சு முட்டி போச்சு. அத்த மட்டும் பாரு."

பார்த்தேன். சீட்டை உயர்த்தி, முன்விளிம்பைச் சரித்தேன். உட்கார்ந்தபடியே எல்லாம் தெரிந்தது. அதுவே போதும். கூடவே, ஆள் எப்போதும் உட்கார்ந்திருப்பதாகவே வண்டி நினைக்கும்படி சுவிட்சின் இரண்டு வயரையும் சேர்த்து முறுக்கிவிட்டேன். அதற்குத் தேவையே இல்லை. அவனிடம் சொல்லவும் இல்லை.

சில நாளில் சாக்கை அவனே எடுத்துப் போட்டுவிட்டான். "முட்டி வலியே இல்ல சார். இன்னா மாமு, மாடிய கடகடன்னு ஏறி வர்றியேன்னு வூட்ல எம் பொஞ்சாதி ஷாலு கேக்குது. சீட்டு சூப்பரா கீது. நீ நல்லா இருக்கணும்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சிரித்த அதே வாய்தானே என்று அருவருப்பாக இருந்தது. சொல்லாமலே வந்துவிட்டேன்.

அதுவரை அவனுக்கு உள்ளே, சமதரையில்தான் வேலை. வாசலுக்குக் கண்டெய்னர் வந்த அன்று நானும் போயிருந்தேன். சரிவில் ஒரு மூட்டை நழுவியது. வழக்கம்போல பிரேக் போடாமல் இறங்கி, அதை எடுக்க வண்டிக்கு முன்னால் போனான். வண்டி மெதுவாகத்தான் நகர்ந்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் விலகியிருப்பான். அவனைக் கண்டெய்னரோடு சேர்த்து நசுக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் சீட்டில் குறை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், சார். நன்றாக இருக்கிறது என்று அவன் வாயாலேயே சொன்னான்.