வென்லாவின் வகுப்பறைக் காற்று

—சாப்பிட்டியான்னு கேட்டீங்க. சொல்றேன். எழுந்தேன். ஓட்ஸ் கஞ்சி வெச்சேன். குடிச்சேன். வாசல்ல பனி அள்ளினேன். கார் எஞ்சின் உறையாம இருக்கச் சொருகியிருந்த ஹீட்டர் வயரைப் பிடுங்கினேன். ஓட்டிட்டு வந்தேன். நடையில ஷூவைக் கழட்டினேன். உங்க முன்னாடி நிக்கறேன். போதுமா?

—தலைமையாசிரியையா கேக்கல யூஸோ. உன் பொண்டாட்டியோட பழகினவளா கேட்டேன். உட்காரு. காபி ஊத்தறேன். ஏலக்காய் பன்னும் இருக்கு.

—வேணாம். வென்லாவோட சாமானை எடுத்துட்டுப் போகச் சொன்னீங்க. போனா, கிளாஸ்ல பிள்ளைங்க உட்கார்ந்திருக்கு.

—ஆமா, அவளோட ரெண்டாம் வகுப்புதான். புது டீச்சர் வந்துட்டாங்க. பாவம், சின்னப் பொண்ணு.

—அதே ரூம்ல.

—இதோ பாரு, வேற ரூமுக்கு நான் எங்க போவேன்?

—சர்ச் கூடம் சும்மாதான் கிடக்கு. பாதிரியாரைக் கேட்டேன். நாளைக்கே கூட்டிட்டு வரச் சொல்றார். இன்னிக்கே அந்த ரூமைப் பூட்டுங்க.

—நீ கேட்டியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமலா?

—அவ சொன்னா. ரெண்டு வருஷம் உங்ககிட்டதான் சொன்னா. சுவத்துல ஈரம்னா. பெயிண்ட் அடிச்சுக் குடுத்தீங்க.

—இதோ பாரு, ஹெல்சிங்கியிலேர்ந்து ஆள் வந்து அளந்தாச்சு. காத்து சுத்தம்னு சொல்லிட்டாங்க. சுத்தமான ரூமைப் பூட்டிட்டு பிள்ளைங்களை சர்ச்சுக்கு ஓட்டினா, நகராட்சியில என்னைக் கிறுக்கின்னு சொல்லுவாங்க.

—அவளை நீங்க என்னன்னு சொன்னீங்க?

—நான் என்ன சொன்னேன்?

—ஸ்டாஃப் ரூம்ல. "பூஞ்சை மூக்கு வந்துட்டா, வழி விடுங்க, மோந்து பாக்கட்டும்."

—ஐயோ, அது விளையாட்டுக்கு. அவளே சிரிப்பாளே.

—வீட்டுக்கு வந்து சிரிக்க மாட்டா. வராந்தாவுலயே துணியைக் கழட்டிப் பையில கட்டுவா. நேரா சவுனாவுக்குப் போய் நீராவியில குளிப்பா. எத்தனை தடவை அலசினாலும் முடியில உருளைக்கிழங்கு நிலவறை வாடை. நானும் மோந்திருக்கேன். என் மூக்குலயும் பூஞ்சையா?

—கத்தாத. பிள்ளைங்களுக்குக் கேக்கும்.

—கேக்கட்டும். அவ விழுந்ததைப் பாத்த பிள்ளைங்கதானே. இதுக்கா பயப்படப் போறாங்க?

—யூஸோ, இப்படிப் பேசாத. ஆஸ்துமா அவளுக்கு முன்னாடியே இருந்திருக்கும். நமக்கென்ன தெரியும்?

—எனக்குத் தெரியும். இங்க வேலைக்குச் சேர்ற வரைக்கும் குளிர்காலம் பூரா பனிச்சறுக்கு ஓடினவ. என்னைக் காட்டுல பின்னாடி விட்டுட்டுப் போயிடுவா. கடைசில மாடிப்படியில பாதியில நின்னா.

—நான் என்ன கல்லா? எனக்கும் வலிக்குது. அவ இறந்த அந்தத் திங்கக்கிழமையே வாட்ச்மேனைக் கூப்பிட்டுச் சொல்லிட்டேன். காத்து மோட்டாரை இனிமே நிறுத்தக் கூடாது, ராத்திரி பகலா ஓடட்டும், நகராட்சி கேட்டா நான் பாத்துக்கறேன்னு.

—நில்லுங்க. அதுக்கு முன்னாடி?

—எப்பவும் போலத்தான். பிள்ளைங்க வீட்டுக்குப் போனதும் நிறுத்திடுவோம். சனி ஞாயிறு ஓடவே ஓடாது. கரண்டை மிச்சம் பண்ணச் சொல்லி மேல இருந்து உத்தரவு.

—அளக்கற ஆள் எப்ப வந்தாரு?

—அதே வாரம் வியாழக்கிழமை. தேதி முன்னாடியே குடுத்தது. இப்படி ஆயிடுச்சேன்னு தள்ளிப்போட வேணாம்னு விட்டுட்டேன்.

—அப்ப திங்கள்லேர்ந்து விடாம மோட்டாரை ஓட்டி, கெட்ட காத்தையெல்லாம் வெளியில தள்ளிட்டு அளந்திருக்கீங்க.

—அதுக்காக ஓட்டல! சத்தியமா இல்ல. பயந்துட்டேன், அவ்வளவுதான்.

—அவர்கிட்ட சொன்னீங்களா?

—அவர் கேக்கல.

—நீங்க சொன்னீங்களா?

—கேக்கலன்னு சொல்றேனே.

—இப்ப ஓடுதா?

—இதோ பாரு, சுத்தம்னு முடிவு வந்ததும் நகராட்சியில...

—மார்கெத்தா. இப்ப ராத்திரியில ஓடுதா?

—இல்ல. பழையபடி நிறுத்தச் சொல்லிட்டாங்க.

—இன்னிக்குத் திங்கக்கிழமை. ரெண்டு நாள் மூடிக் கிடந்த ரூம்ல அந்தப் பிள்ளைங்களை உட்கார வெச்சிருக்கீங்க. நடையில ஒரு பொண்ணு இருமிக்கிட்டே கம்பளித் தொப்பியைத் தேடுது. நான் பாத்துட்டுத்தான் வந்தேன்.

—எல்லாப் பழியும் என் தலையிலயா? சரி, நானும் ஒண்ணு கேக்கறேன். இந்தப் பள்ளிக்கூடத்துல மைனஸ் இருபதுலயும் எல்லாரும் ஜன்னலைத் திறந்து வெச்சு, கோட்டைப் போட்டுக்கிட்டுத்தான் பாடம் நடத்தறாங்க. அவளும் அப்படித்தான் நடத்தினா. கடைசி நாள்கள்ல மட்டும் ஏன் இறுக்க மூடி வெச்சா? அன்னிக்குக் காலையில நானே எட்டிப் பாத்து, "திற வென்லா, மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கிடக்கு"ன்னேன். தலையாட்டினா. திறக்கல. அந்தப் பிடிவாதத்துக்கும் நானா பொறுப்பு?

—இடைவேளையில எனக்கு ஃபோன் பண்ணினா. மூச்சு இழுத்துக்கிட்டிருந்துச்சு. திறந்து தொலைன்னு நானும்தான் கத்தினேன்.

—அப்புறம்? என்ன சொன்னா?

—"அளக்கறதுக்கு முன்னாடி ஒரு வாரம் ஜன்னலைத் திறக்காதீங்கன்னு சொல்லியிருக்காங்க யூஸோ. வியாழக்கிழமை வரைக்கும் தாங்கிக்கறேன். ஒழுங்கா அளந்துட்டா மார்கெத்தாவே நம்பிடுவாங்க."