ஏழாம் நாள் கட்டி

இருளப்பன்: என்ன பாஞ்சாலை, ஆயாக் கொட்டாயில புள்ளைங்கள விட்டுட்டு இங்க என் பீப்பாய எட்டிப் பாக்குற?

பாஞ்சாலை: பதினோரு புள்ளைங்களும் தூங்குதுங்கண்ணே. கட்டிய தண்ணியில ஊறப் போட்டு இன்னிக்கு ஏழாவது நாளு இல்ல…

இருளப்பன்: கொத்தன் நானா, நீயா லா?

பாஞ்சாலை: கட்டி கரையலன்னா கொட்டாய்க்குத் தரை போடுவாங்க. கரைஞ்சா கொட்டாய மூடிட்டு, புள்ளைங்கள லோரியில கோலா தெர்லா ஊருப் பக்கம் இருக்கிற கொட்டாய்க்கு அனுப்பிருவாராம் தோட்டத்துத் துரை. ஆபீசு கிராணி சொன்னாரு.

இருளப்பன்: தெரியும் புள்ள. அந்த ஈரத் தரையில படுத்து எல்லாத்துக்கும் சளி…

பாஞ்சாலை: பேசாம சாதா சிமெண்டுலயே போடலாம்ல?

இருளப்பன்: எண்ணெய் விக்கிற வெலையில சிமெண்டு சூளை கட்டுபடியாகலயாம். இந்த மெக்னீசிய மாவுக்குக் கம்மி சூடு போதும்னு கம்பெனி பத்து மூட்டை அனுப்பிருச்சு. ஒரே குறை, தண்ணி பட்டா இளகிரும்.

பாஞ்சாலை: முன்ன போட்ட ரெண்டு கட்டியும் மூணாம் நாளே கஞ்சியாச்சே!

இருளப்பன்: ம்… ஐயோ, இதுலயும் தண்ணி வெள்ளையா இருக்கே. போச்சு!

பாஞ்சாலை: தொட்டுப் பாருண்ணே. கல்லாட்டம் இருக்கும்.

இருளப்பன்: இரு… கையில வெள்ளை ஒட்டுது. உள்ள சாம்பல் நெறம்… பாஞ்சாலை, இது கோயில் கட்டுன மிச்ச சிமெண்டு. மேல சுண்ணாம்பு அடிச்சிருக்கு.

பாஞ்சாலை: நான்தாண்ணே மாத்தி வெச்சேன்.

இருளப்பன்: எப்ப மாத்துன?

பாஞ்சாலை: நீ போட்ட மறுநாளே. இதுவும் கரைஞ்சிருமேன்னு பயம்ண்ணே. புள்ளைங்க அவ்ளோ தூரம் போயிட்டா, தேயிலைக் கொழுந்து எடுக்கிற தாய்மாரு எப்படி ஓடிவந்து பால் குடுப்பாளுங்க?

இருளப்பன்: அடிப்பாவி! நான் போட்ட கட்டி கரையாது புள்ள.

பாஞ்சாலை: ஒனக்கு எப்படித் தெரியும்?

இருளப்பன்: …பட்டறை செல்லையாகிட்ட துரு எடுக்கிற ஆசிட் வாங்கி, இந்தத் தடவை மாவுல அரைக் கோப்பை கலந்துட்டேன். தண்ணிக்குத் தாங்கும்னு தானா ராத்தா டவுன்ல ரோட்டு வேலைக்கு வந்த இஞ்சினியர் சொன்னாரு.

பாஞ்சாலை: துரைக்குத் தெரியுமா?

இருளப்பன்: கம்பெனி தாளுல இல்லாதத கலக்காதன்னு அவருதான் சொன்னாரு. அதான் வாயத் தொறக்கல.

பாஞ்சாலை: என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லண்ணே!

இருளப்பன்: நீ சொன்னியா? …சரி விடு. ஜீப்பு சத்தம் கேக்குது. இந்தப் பொய்க் கட்டியக் காட்டி, மெக்னீசிய மாவுல தரை போட்டு, அது இளகிப் போச்சுன்னா? புள்ளைங்க மறுபடி ஈரத்துல கெடக்கணும். நெசக் கட்டி தாங்குமா தாங்காதான்னு தெரியாமலே போச்சு… எங்க வீசுன அத?

பாஞ்சாலை: வீசல. யாரு கண்ணுலயும் படக்கூடாதுன்னு குழாயடியில கல்லோட கல்லாப் பதிச்சு வெச்சேன். ஆறு நாளா அது மேலதாண்ணே புள்ளைங்க துணிய அடிச்சுத் துவைக்கிறேன். ஒரு மூலைகூட உதிரல… நீ கேட்டப்புறம்தான் நெனப்பே வருது, அது கல்லு இல்லன்னு.