வெள்ளானூர் முனையா, மாதா கோயிலா

கோகுல்: டீ கிளாஸ எட்றா மேப்பு மேலேர்ந்து. வெள்ளானூரே நனைஞ்சி பூடுச்சி பாரு.

ரெனிஷ்: நனையட்டும். நனைஞ்ச எடத்துலதான் மெட்ரோ ஸ்டேஷனு. இதோ... முனையில.

கோகுல்: மறுபடியும் அங்கயேவா? டேய், உன் ஊடு எந்தத் தெருவுலடா கீது?

ரெனிஷ்: மாதா கோயில் தெரு.

கோகுல்: நாளைக்கு மண்டபத்துல யாருக்காக பேசப் போற?

ரெனிஷ்: மாதா கோயில் தெருவுக்காக.

கோகுல்: அப்ப கோயிலாண்டதான ஸ்டேஷன் கேக்கணும்? ஆவடி தாண்டினா பூமிக்கு அடியில ஒரே ஒரு ஸ்டேஷன்தானாம். ஒண்ணு உங்க கோயில், இல்லாட்டி எங்க முனை. எங்க வேணும்னு சனங்களாண்ட கேக்கத்தான் மீட்டிங்கே போடறாங்க. உன்ன நம்பி தெருவே அனுப்புது, நீ போயி முனையில வையின்னு சொன்னா... உங்க ஃபாதரு பூசையிலயே பேர் சொல்லித் திட்டுவாரு.

ரெனிஷ்: நீ மட்டும் இன்னாவாம்? ஷேர் ஆட்டோ ஸ்டாண்டுக்காக உன்ன பேசச் சொல்லிகீறாரு ஸ்டாண்டு தலைவரு ராஜசேகரன் அண்ணாத்தே. ஸ்டாண்டு கீறது முனையில. ஸ்டேஷனும் முனையிலயே வந்தா சவாரி கொட்டும். நீ இன்னாத்துக்கு எங்க கோயிலுக்குக் கொடி புடிக்கிற?

கோகுல்: எல்லாம் மாதா மேல பக்திதான்.

ரெனிஷ்: உனக்கு பக்தி... எங்க தேர்த்திருவிழாவுல நீ பிரியாணிப் பந்தல தாண்டி உள்ள வந்ததே இல்ல.

கோகுல்: துன்ன சோத்துக்கு விசுவாசம் வேணாமா?

ரெனிஷ்: ஒழுங்கா காரணம் சொல்லு கோகுலு.

கோகுல்: முனையில அடியில பூரா பாறைடா. எங்க ஊட்ல போர் போட்டப்ப பாத்தல்ல... மிஷின்காரன் கும்புடு போட்டுட்டு ஓடிட்டான்.

ரெனிஷ்: நேத்து பாறை இல்ல. நேத்து, மழ பேஞ்சா தண்ணி நிக்கும்னு சொன்ன.

கோகுல்: பாறை மேலதான தண்ணி நிக்கும்.

ரெனிஷ்: மழைக்கு எங்க கோயில் படியிலயுந்தான் நிக்குது. கிறிஸ்மஸ் பூசைக்கு எங்கம்மாவ உன் வண்டியில வெச்சி நீதான கொணாந்து எறக்கின.

கோகுல்: ஆமா... சகாயம்மா ஆன்ட்டி கேக்கு குடுத்துச்சி. முந்திரி நெறைய போட்டிருந்துது.

ரெனிஷ்: பேச்ச மாத்தாத.

கோகுல்: சரி, ஒத்திகை பாக்கலாம் வா. நான்தான் மெட்ரோ ஆபீசரு. மைக்கு உன் கையில. ம்... சொல்லுங்க தம்பி, உங்களுக்கு ஸ்டேஷன் எங்க வேணும்?

ரெனிஷ்: வெள்ளானூர் முனையில சார்.

கோகுல்: ஏன் தம்பி?

ரெனிஷ்: அங்க நெறைய ஊடு கட்றாங்க சார். எங்க பாத்தாலும் ஃப்ளாட்டு.

கோகுல்: பாதி ஃப்ளாட்டு பூட்டிக் கெடக்குதே தம்பி. அப்புறம்?

ரெனிஷ்: ஸ்கூலு...

கோகுல்: ஸ்கூல் உங்க கோயிலுக்குப் பின்னாடிதான கீது.

ரெனிஷ்: ரேஷன் கடை...

கோகுல்: பாமாயில் வாங்க மெட்ரோல வருவாங்களா? தம்பிய உக்காரச் சொல்லுங்கப்பா.

ரெனிஷ்: இரு... இருட்டு சார்.

கோகுல்: இன்னாது?

ரெனிஷ்: கோயில் தாண்டினா முனை வரிக்கும் ஒரு லைட்டு எரியல. பொம்பளப் புள்ளைங்க வேல முடிச்சி லேட்டா வருதுங்க. ஷேர் ஆட்டோ கெடைக்கலன்னா அந்த ரோட்ல நடந்தே வருதுங்க. முனையிலயே ரயிலு நின்னா... மேல ஏறி வந்தா ஊடு. பயப்பட வேணாம்.

கோகுல்: எந்தப் புள்ளைங்க?

ரெனிஷ்: பொதுவா சொன்னேன்.

கோகுல்: பொதுவான்னா... பூங்காவனம் அக்காவா?

ரெனிஷ்: அது பூக்கடையே முனையிலதான கீது. அது எங்க போயி எங்க வருது?

கோகுல்: அப்ப அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு வேலைக்குப் போற புள்ளைங்க.

ரெனிஷ்: அதுங்களும்தான்...

கோகுல்: என் தங்கச்சி பானு மாதிரி.

ரெனிஷ்: பானுவும்... எல்லாருந்தான்.

கோகுல்: டீய ஊதிக் குடி.

ரெனிஷ்: ஆறிப் போச்சிடா.

கோகுல்: பரவால்ல, ஊது. மூஞ்செல்லாம் வேர்த்துகீது. பானுவுக்கு இன்னா பயம்? டெய்லி ஆவடி ஸ்டேஷன்லேர்ந்து என் வண்டியிலதான இட்டுகினு வர்றேன்.

ரெனிஷ்: நீ வெளி சவாரி போயிட்டா? போன வாரம் போரூர் போனல்ல... அன்னைக்கு அது தனியாதான் நடந்து வந்துச்சி. நாய் தொரத்தி, செருப்பு அறுந்து, வெறுங்கால்ல...

கோகுல்: உனக்கு எப்டித் தெரியும்?

ரெனிஷ்: யாரோ சொன்னாங்க...

கோகுல்: கால்ல புதுச் செருப்பு இருந்துச்சி. எங்கம்மா கேட்டதுக்கு, ஆஃபர்ல போட்டான், வாங்கினேன்னா. யாரு வாங்கிக் குடுத்தது?

ரெனிஷ்: ஆவடி மார்க்கெட்டுல...

கோகுல்: எங்கன்னு கேக்கல. யாருன்னு கேட்டேன்.

ரெனிஷ்: நான்தான்டா.

கோகுல்: ம்.

ரெனிஷ்: உன்னாண்ட சொல்லணும்னு டெய்லி கெளம்பி வருவேன். உன் மூஞ்சப் பாத்தா வாயே வராது. ஒண்ணாங்கிளாஸ்லேர்ந்து உன் பக்கத்துல உக்காந்தவன்... உன் ஊட்டுச் சோறு துன்னவன். நீ இன்னா நெனைப்பன்னு பயமா இருந்துச்சி.

கோகுல்: எப்பலேர்ந்து?

ரெனிஷ்: தேர்த்திருவிழாலேர்ந்து.

கோகுல்: எந்த வருஷத் தேரு?

ரெனிஷ்: ...போன வருஷத்துக்கு முந்தின வருஷம்.

கோகுல்: அடப்பாவி. நான் பிரியாணிப் பந்தல்ல இருந்தப்பவா?

ரெனிஷ்: அடிக்கணும்னா அடிச்சிடு கோகுலு. பேசாம மட்டும் இருந்துடாத. அதத் தாங்க மாட்டேன். நான் வேணும்னா இந்தப் பக்கமே வரல. நாளைக்கு முனையில வேணும்னு மட்டும் பேசிடு. பானு அந்த இருட்டுல நடக்கக் கூடாது, அவ்ளோதான்.

கோகுல்: முடியாது. கோயிலாண்டதான் கேப்பேன்.

ரெனிஷ்: என் மேல கீற கோவத்த அது மேல காட்டாதடா.

கோகுல்: இந்த ரயிலு எப்ப ஓடுமாம்?

ரெனிஷ்: தோண்டி, கட்டி... ஏழெட்டு வருஷமாவது ஆவும்.

கோகுல்: அது வரிக்கும் எங்கம்மா பானுவ கட்டிக் குடுக்காம ஊட்லயே வெச்சிகினு இருக்குமா?

ரெனிஷ்: மாப்ள பாக்கறீங்களா...

கோகுல்: பாத்தாச்சி.

ரெனிஷ்: ஓ... சரி. நல்ல எடமா?

கோகுல்: பையன் தங்கம். அம்பத்தூர்ல லேத்து கம்பெனியில வேல. அப்பா டாங்கி ஃபேக்டரில இருந்து ரிட்டையரு. என்ன ஒண்ணு... சொல்ல வேண்டியத சொல்றதுக்கு ரெண்டு தேர் ஓடணும்.

ரெனிஷ்: டேய்... வெளாடாத.

கோகுல்: எங்கம்மா அந்தச் செருப்பப் பத்தி விடாம கேக்கவும் பானு எல்லாத்தயும் சொல்லிட்டா. எங்கம்மா ஒரே அழுகை, சோறு கூட வடிக்கல. வேற மதமாச்சே, சனம் இன்னா சொல்லும்னு. நான்தான் சொன்னேன்... இவன விட நல்லவன எங்க போயி தேடுவன்னு. அப்புறம் எங்கம்மாவே போயி உங்கம்மாவப் பாத்துட்டு வந்துச்சி. இப்ப ரெண்டும் கல்யாணம் கோயில்லயா, மண்டபத்துலயான்னு போன்ல அடிச்சிக்குதுங்க.

ரெனிஷ்: எங்கம்மாவுக்கும் தெரியுமா? யாருமே என்னாண்ட மூச்சு விடலியே... பானு கூட.

கோகுல்: நான்தான் விட வேணாம்னேன். அவன் என் ஃப்ரெண்டு, அவன் வாயாலயே என்னாண்ட வந்து சொல்லட்டும்னு.

ரெனிஷ்: கைய குடுடா... ஆனா எல்லாம் தெரிஞ்சிகினு, நாளைக்கு முனையில கேக்க மாட்டேன்னு மட்டும் ஏன்டா இவ்ளோ புடிவாதம்? அது உன் தங்கச்சிக்காகத்தான கேட்டேன்?

கோகுல்: ரயிலு ஓடறப்ப என் தங்கச்சி யாரு ஊட்லடா இருப்பா? வேல முடிச்சி வந்தா உங்க வாசல்லயே எறங்கட்டும். அம்மா ஊட்டுக்கு வரணும்னா ரயிலு எதுக்கு... அண்ணன் வண்டிய எடுத்துகினு வந்து நிக்க மாட்டனா.