புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்க

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சாலையில் வெட்டிப்போட்ட மரங்களை அகற்றி, சின்னசேலம் பேருந்து மறுபடி ஓடத் தொடங்கிய வாரம். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“சர்ச்சுல என்னை எழுந்து நிக்க வெச்சிட்டாங்கக்கா.”

“இன்னா தப்பு பண்ண?”

“தப்பில்லக்கா. புதுசா வந்தவங்க எழுந்து நில்லுங்கன்னாங்க. அதுவரிக்கும் பாய்ல குந்திகினு இருந்தேன். பாட்டு தெரியல. பக்கத்துல இருந்தவங்க புஸ்தகத்துல வெரல் வெச்சிக் காட்டினாங்க.”

“நீ எதுக்குப் போன?”

“பஸ்ஸு ஓடாத அன்னிக்கு எம்பொண்ணுக்குப் பிரசவ வலி எடுத்துது. அந்த சர்ச்சு ஆளுங்கதான் கட்டிலோட ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போனாங்க. நன்றி சொல்லலாம்னு போனேன்.”

“சொன்னியா?”

“நின்னதும் அழுகை வந்துடுச்சி. கட்டில் தூக்கினவரு ஒருத்தரு, ‘கொழந்த எப்டிம்மா இருக்குது?’ன்னாரு. ‘பால் குடிக்குதுங்க’ன்னேன். அவ்ளோதான் வந்துது. அத்தினி பேரும் கை தட்டினாங்கக்கா.”