வெங்கடப்பனின் துண்டு

"இதுக்கு எதுக்கு சார் ரெண்டு பட்டன்?" என்று அனுப்ரியா ஒருமுறை கேட்டாள். எங்கள் தகடு வெட்டும் பிரஸ் மெஷினை இயக்கும் வெங்கடப்பனின் மகள் அவள். ஆயுத பூஜையன்று மட்டும்தான் குடும்பங்களைத் தொழிற்சாலைக்குள் விடுவோம். மெஷினுக்குச் சந்தனம் வைத்துக்கொண்டே, "ரெண்டு கையும் பட்டன்ல இருந்தாத்தான் பிரஸ் இறங்கும் பாப்பா. அப்பா கை உள்ள மாட்டாது" என்றேன். குழந்தைகளிடம் எப்போதும் பொறுமையாகத்தான் பேசுவேன்.

அந்த ஜூஜுவாடித் தொழிற்சாலையில் அப்போது நான் இன்ஜினியர். பூஜை முடிந்ததும் ஆர்டர் குவிந்தது. ஒரு பட்டனை அழுத்தியபடியே கட்டிவிட்டால் ஒரு கை தகடு வைக்கும், மறு கை இயக்கும். வேலை வேகமாக ஓடும். நானே கட்டினேன். வெங்கடப்பன் தயங்கினார்.

"சாமி கும்பிட்ட மெஷின்ப்பா. ஒண்ணும் ஆகாது" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

அவருடைய வலது கை உள்ளே மாட்டியது. அவர் சாப்பாட்டுத் தூக்கைச் சுற்றியிருந்த துண்டை எடுத்துக் கையில் சுற்றி, என் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவர் மனைவி மாரம்மா அழுதபடி கும்பிட்டார். டீ வாங்கிக் கொடுத்தேன். விசாரிக்க வந்தவர்களிடம், பட்டனைக் கட்டியது தான்தான் என்று வெங்கடப்பன் சொன்னார். அப்படிச் சொல்லும்படி நான்தான் கேட்டுக்கொண்டேன், காரில் ஏற்றியவனிடம் அவரால் மறுக்க முடியவில்லை. அவர் வேலை போயிற்று.

முதலாளி நன்றியுள்ளவர். அவர் கொடுத்த பணத்தை முதலாகப் போட்டுக் கிருஷ்ணகிரியில் லாரி ஃபைனான்ஸ் தொடங்கினேன். அது வளர்ந்தது. தேர்தலில் நின்றேன். மாரம்மா வீடுவீடாக எனக்கு ஓட்டு கேட்டார்.

"உனக்கு என்னடி குடுத்தாரு, இந்த வெயில்ல சுத்தற?" என்று ஒரு வீட்டில் கேட்டார்களாம்.

"அன்னைக்கு டீ வாங்கிக் குடுத்தாருக்கா. எங்க ஊட்டுக்காரர் உசுர காப்பாத்தினாரு. போதாதா?"

வென்றேன். மாலை போட வந்த வெங்கடப்பன் அதன் ஒரு முனையை, கை போன வலது முழங்கையில் தாங்கியிருந்தார். மறுமுனையைப் பிடித்திருந்த அனுப்ரியா வளர்ந்திருந்தாள்.

"ரெண்டு கையும் வச்சாத்தான் இறங்கும்னு சொன்னீங்களே சார்" என்றாள், மெதுவாக.

மைக் பக்கத்தில் இருந்தது. "அப்பாவுக்கு அவசரம் பாப்பா. ஒண்ணைக் கட்டிட்டாரு" என்றேன்.

வெங்கடப்பன் என்னைப் பார்த்தார். பிறகு மகளிடம், "ஆமா கண்ணு. என் தப்புதான்" என்றார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் அவர்கள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வெங்கடப்பன் வீட்டுக்குத் தனியாகப் போனேன். ரத்தம் ஊறியதென்று ஆஸ்பத்திரியில் வீசிவிட்ட துண்டுக்குப் பதிலாக, நல்ல புதுத் துண்டு ஒன்றைக் கதவில் மாட்டினேன். யாரும் பார்க்கவில்லை. அந்த வீட்டுக்கு இனி நான் கொடுக்கவேண்டியது ஒன்றுமில்லை.