கயிற்றில் கட்டிய சிவப்புத் துணி

சுஹைருக்குக் காலையில் பாணும் சம்பலும் இருந்தால் போதும். நடிகன் என்ற பந்தா எதுவும் அவனிடம் இல்லை. கற்பிட்டியில் படப்பிடிப்புக்கு வந்து நின்ற இரண்டு கிழமையும் என் மனைவி மஹ்மூதா கட்டிக்கொடுத்த சாப்பாட்டைத்தான் என்னோடு படகில் இருந்து சாப்பிட்டான். சாப்பிட்ட பீங்கானைத் தானே கடல் தண்ணீரில் அலம்பி வைப்பான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சார்ஜன்ட் மாத்தயா. அவனைப் பற்றி இல்லாததைச் சொல்ல நான் வரவில்லை. நீங்கள் சிங்களத்தில் எழுதினாலும் பரவாயில்லை, எனக்கு வாசிக்கத் தெரியும்.

என் பெயர் பதுர்தீன். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு, உடுத்த உடுப்போடு இங்கே வந்தவன். அன்றிலிருந்து கடலடியில் கடலட்டை பிடிக்கச் சுழியோடுகிறேன். இப்போது சொந்தமாகப் படகு இருக்கிறது, என்னிடம் ஆறு பேர் வேலை செய்கிறார்கள். படக்காரர்கள் ஊருக்கு வந்து, நடிகருக்குச் சுழியோடப் பழக்க ஒரு நல்ல ஆள் வேண்டும் என்று விசாரித்தபோது எல்லாரும் என்னைத்தான் காட்டினார்கள். நான் ஒப்புக்கொண்டேன். என்னை ஒருவரும் கட்டாயப்படுத்தவில்லை.

அவன் காதல் படங்களில் நடித்துப் பெயர் எடுத்தவன். ஊர் ஊராகப் பெண் பிள்ளைகள் அவன் படத்தைப் பள்ளிக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். அது அவனுக்குப் பிடிக்கவில்லை என்பது உண்மை. காதல் படங்கள் மூன்றை வேண்டாம் என்று தள்ளிவிட்டு இந்தப் படத்தை எடுத்திருந்தான். கடலட்டைக்குப் போய் இரண்டு காலும் விளங்காமல் போன ஒரு சுழியோடியின் கதை. எங்கள் ஊரில் அப்படி ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் நூர்தீனின் வீட்டுக்குப் போய், அவர் கட்டிலிலிருந்து கதிரைக்கு எப்படி மாறுகிறார், காலை எப்படிக் கையால் தூக்கி வைக்கிறார் என்று காலையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பான்.

முதல் கிழமையில் ஒருநாள் படகில் என்னிடம் சொன்னான்: “நானா, எனக்கு இந்த மூஞ்சால பெரிய கரைச்சல். என்ன நடிச்சாலும் சனம் மூஞ்சத்தான் பாக்குது. இந்தப் படத்துல ஒருத்தரும் என்ன வடிவுன்னு சொல்லப்படாது.”

“சொல்ல மாட்டாங்க தம்பி,” என்றேன்.

இனி என் மகளைப் பற்றிச் சொல்கிறேன். றைஸா எனக்கு ஒரே பிள்ளை. 2014ஆம் ஆண்டு அவளுக்குப் பதினாறு வயது. ஆகஸ்ட் மாதத்தில் ஒருநாள் அவளுடைய அலுமாரியைத் திறந்தேன். கதவின் உள்பக்கத்தில் பத்திரிகையிலிருந்து வெட்டிய சுஹைரின் படம் ஒட்டியிருந்தது. படத்துக்குக் கீழே நீளமாக ஏதோ அச்செழுத்தும் இருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. முகம் ஒன்றே போதுமாக இருந்தது. இது கை மீறிப் போவதற்குள் பிள்ளையை ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றே முடிவெடுத்தேன்.

முந்தலில் இறால் பண்ணை வைத்திருந்த முபாறக்குக்கு அவளைப் பேசினேன். அவருக்கு நாற்பத்தொரு வயது, கண்ணியமான மனிதர். மஹ்மூதா மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தாள். “புள்ளைக்கு இப்ப எதுக்குக் கலியாணம்? டிசம்பர்ல பரீட்ச. அத எழுதட்டுமே,” என்று அழுதாள். அவளுக்குப் படிப்பித்த பளீலா டீச்சர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து கதைத்தார். பள்ளிவாசல் தலைவரும் ஒரு வருடம் பொறுக்கச் சொன்னார். அலுமாரிக்குள் நான் கண்டதை அவர்கள் காணவில்லை. நவம்பரில் நிக்காஹ் முடிந்தது. அடுத்த ஒக்டோபரில், ஏழாம் மாதத்தில் அவளுக்கு வலி கண்டது. முபாறக் பண்ணையில் இருந்தார், வாடகைக்கு வான் பிடிக்கப் பிந்திவிட்டது. சிலாபம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே தாயும் பிள்ளையும் மௌத்தாகிவிட்டார்கள்.

முபாறக் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் வேலைக்காரர், அவருக்கு எத்தனையோ சோலி. எனக்குக் கோபம் அந்த முகத்தின் மேல்தான். அது அலுமாரிக்குள் வந்திராவிட்டால் நான் அவசரப்பட்டிருக்க மாட்டேன். தொழுகையில் நெற்றியை நிலத்தில் வைத்தாலும் அந்த முகமே வந்து நின்றது. இரண்டு வருடம் அப்படி இருந்தேன். பிறகு அவனே என் படகில் வந்து ஏறினான்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது. நங்கூரக் கயிற்றில், மேலிருந்து மூன்று பாகம், அதாவது பதினெட்டு அடி கீழே, ஒரு சிவப்புத் துணி கட்டியிருப்போம். ஆழத்திலிருந்து வருகிறவன் அந்தத் துணியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். குல்ஹுவல்லாஹு சூறாவை மனதுக்குள் நூறு தடவை ஓதி முடித்த பிறகுதான் மேலே வரலாம். எங்களிடம் விலைகூடிய மணிக்கூடுகள் இல்லை, அந்த ஓதல்தான் மணிக்கூடு. நிற்காமல் வந்தால் இரத்தத்துக்குள் காற்று நுரைத்து நிற்கும். முதலில் மூட்டு நோகும், பிறகு கால் விளங்காது. நூர்தீன் ஒருநாள் அவசரத்தில் முப்பது ஓதலோடு மேலே வந்தவர்.

சுஹைர் கெட்டிக்காரன். மற்றவர்கள் கயிற்றில் நிற்பதை மேலிருந்து பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: “ஏன் நானா அந்தத் துணியப் புடிச்சிட்டு நிக்காங்க?”

“அது பொடியன்மார் அட்ட நிறையக் கிடைக்க, பரக்கத்துக்கு ஓதுற. உங்களுக்குத் தேவயில்ல,” என்றேன். அவனிடம் நான் சொன்ன முதல் பொய் அது.

அந்தப் பொய்யைச் சொல்லும்போது நான் இன்னும் முடிவெடுத்திருக்கவில்லை. தேவைப்பட்டால் இருக்கட்டும் என்று அந்தப் பொய்யைக் கையில் வைத்திருக்கத்தான் நினைத்தேன். முதல் கிழமை முழுவதும் நான்கு பாகத்துக்குள்தான் பழக்கினேன், அந்த ஆழத்தில் ஆபத்து இல்லை. முடிவெடுத்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமை பகலில். மஹ்மூதா அன்று கணவாய்க் கறி கொடுத்து அனுப்பியிருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டான். இல்லை என்றேன். அவன் பீங்கானை வழித்துக்கொண்டே சொன்னான்:

“இந்த ஊர்ப் புள்ள ஒண்டு எனக்கு முந்திக் கடிதம் போட்டிச்சி. நான் பதில் எழுதினேன். பொறகு ஒண்டும் வரல்ல. பரீட்ச எழுதினாவோ தெரியா.”

“பேர் என்ன தம்பி?”

“றைஸா.”

“அப்பிடி ஒருத்தரயும் எனக்குத் தெரியா,” என்றேன். என் மகளின் பெயரை அவன் வாயால் கேட்டேன், மாத்தயா. அவ்வளவு நாளும் அவன் ஞாபகம் வைத்திருந்தான். ஒரு வாப்பாவுக்கு அது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

திங்கட்கிழமை என் ஆட்களை வேறு படகில் அனுப்பிவிட்டு அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு போனேன். பதினைந்து பாகத்தில் இரண்டு தடவை இறக்கி, துணியில் நிற்க விடாமல் நேரே மேலே வரச் செய்தேன். பின்னேரம் தோள்மூட்டு நோகிறது என்றான். சிலிண்டரின் பாரம் என்றேன். செவ்வாய்க்கிழமை மூன்று தடவை இறக்கினேன். ஆழத்துக் காட்சிக்கு வேறொருவரை இறக்கலாம் என்று இயக்குநர் சொல்லியிருந்தார், இவன்தான் சம்மதிக்கவில்லை. எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று நின்றான். மூன்றாம் தடவை மேலே வந்து படகில் ஏறும்போது வலது கால் சொல்வழி கேட்கவில்லை. கரைக்கு வருவதற்குள் இடது காலும் போய்விட்டது.

அவனைக் கடற்கரையில் என் வாடிக் கொட்டிலுக்குள் படுக்க வைத்தேன். பகல் லுஹர் பாங்கு அப்போதுதான் சொல்லி முடிந்திருந்தது. அங்கிருந்த அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒக்சிசன் சிலிண்டர் இருந்தது. அதைக் கொடுத்து உடனே கொழும்புக்கு ஏற்றியிருந்தால் அவன் நடந்திருப்பான். நான் இயக்குநரைக் கூப்பிட்டு, இது தசைப்பிடிப்பு, புதிதாகச் சுழியோடுகிறவர்களுக்கு வருவதுதான், எண்ணெய் போட்டு உருவினால் போய்விடும் என்றேன். இருபத்தேழு வருடம் சுழியோடினவன் சொன்னால் யார்தான் நம்பமாட்டார்? பின்னேரம் அஸர் வரைக்கும் தேங்காயெண்ணெயைச் சூடாக்கி என் கையாலேயே அவன் கால்களை உருவினேன். அவசரப்படாமல், விரல் விரலாக உருவினேன். “உங்களுக்குக் கரைச்சல் தாறேன் நானா,” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கு அன்றுதான் மனம் ஆறியது.

அதோடு நான் பேசாமல் இருந்திருப்பேன். போன மாதம் அவன் பத்திரிகையில் பேட்டி கொடுத்திருக்கிறான். முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, அப்படியே இருக்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கிற அந்தப் படத்தையும் பிள்ளைகள் வெட்டி வைத்திருக்கிறார்களாம். இது ஒருவருடைய பிழையும் இல்லை, தன்னுடைய பிடிவாதம்தான் என்று சொல்லியிருக்கிறான். கற்பிட்டியில் பதுர்தீன் நானா தகப்பனைப் போல் தன்னைப் பார்த்தாராம், அவருக்காக அல்லாஹ்விடம் துஆக் கேட்கிறானாம். அதை வாசித்துவிட்டு மஹ்மூதா அழுகிறாள். அவன் துஆ எனக்கு வேண்டாம். தன் கால்களை எடுத்தது யார், ஏன் எடுத்தான் என்று தெரியாமல் அவன் நிம்மதியாகத் தூங்குவதற்காக நான் இதைச் செய்யவில்லை. அதனால்தான் இங்கே வந்திருக்கிறேன். இந்த வாக்குமூலத்தை அவனுக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

அவன் பொல்லாதவன் என்பதற்கு என்னிடம் அத்தாட்சியும் இருக்கிறது. இதோ, அவன் என் மகளுக்கு எழுதிய கடிதம். தபால்காரர் என் கையில்தான் கொடுத்தார். வாசியுங்கள். “தங்கச்சி றைஸா, நீங்கள் என் படம் ஒன்றும் பார்த்ததில்லை என்று எழுதியிருந்தது எனக்குச் சந்தோஷம். நீங்கள் வெட்டி வைத்திருக்கிற பேட்டியில் நான் சொன்னது உண்மைதான், என் உம்மாவையும் பள்ளிக்கூடத்திலிருந்து மறித்துத்தான் கட்டிக்கொடுத்தார்கள். நீங்கள் பரீட்சையை எழுதுங்கள். வாப்பா சம்மதிக்காவிட்டால் எனக்கு அறிவியுங்கள், நான் வந்து அவரோடு கதைக்கிறேன்.” கடைசியில் கையெழுத்தும் தொலைபேசி இலக்கமும் இருக்கின்றன.

நிக்காஹ்வுக்கு முதல் நாள் றைஸா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “வாப்பா, எனக்கு ஏதாச்சும் கடிதம் வந்திச்சா?” இல்லை என்றேன். அப்போது இது என் சட்டைப்பைக்குள் இருந்தது. கொடுத்திருந்தால் அவள் சம்மதித்திருக்க மாட்டாள், முந்தலுக்குப் போயிருக்கவே மாட்டாள், இன்றைக்கும் என் வீட்டில் இருந்திருப்பாள். ஒரு கடிதத்தை வைத்து என் பிள்ளையை அந்த அளவுக்கு என் சொல் கேளாமல் ஆக்கக்கூடிய ஆள் அவன், மாத்தயா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.