ஒரு மாதத்துச் சேறு

மேடையில் அமர்ந்திருக்கும் துறைத்தலைவர் அவர்களே, மறைந்த நம் அம்மையாரின் மகளே, சல்லடையும் வாளியும் சுமந்து அவரோடு சேற்றில் இறங்கிய மாணவர்களே, வணக்கம். முழங்கால் ஒத்துழைக்கவில்லை. இந்த மேசையைப் பிடித்துக்கொண்டே பேசுகிறேன்.

புழு மேடம் என்று நாம் அழைத்த பேராசிரியர் அம்மையாரோடு இருபத்தொரு ஆண்டுகள் ஒரே அறையில் உட்கார்ந்தவன் நான். சதுப்புநிலக் காட்டில், மாதந்தோறும் அதே ஐந்து இடங்களில் சேறு எடுத்து, சலித்து, கடல் புழுக்களை எண்ணினோம். எதற்கு? மழை கொட்டினால் கழிமுகத்தில் உப்புக் குறையும், புழுவும் குறையும். வெயில் ஏறினால் மறுபடி பெருகும். பருவமே தப்பினால்? அதுதான் அவருடைய கேள்வி. "புழுதானேன்னு நினைக்காதீங்க, நாம சாப்பிடுற மீனுக்கு அதுதான் சோறு" என்பார். இடுப்பளவு சேற்றில் நின்றபடி சொல்வார். கேட்கிற எனக்குத்தான் களைத்துப்போகும்.

சற்றுமுன் பேசிய நண்பர், அந்த மாதாந்திர எண்ணிக்கையின் நீண்ட அட்டவணையில் ஒரே ஒரு மாதம் காலியாக இருப்பதைச் சொல்லி, யானைக்கும் அடி சறுக்கும் என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் சறுக்கியது யாருக்கு?

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடை. மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி மேடம் மருத்துவமனையிலேயே இருந்தார். "இந்த மாசம் நீங்க போயிட்டு வந்துடுங்க சார்" என்றார். காலந்தப்பிய மழை பிடித்துக்கொண்டது. நான் போகவில்லை. அலுப்பு, வேறொன்றுமில்லை. முந்தைய ஆண்டின் எண்களை அங்கொன்று இங்கொன்று மாற்றி எழுதிவைத்தேன்.

ஐந்து வாரம் கழித்து வந்தவர் தாளைப் பார்த்தார். "இவ்வளவு மழைக்கப்புறம் புழு கொஞ்சம்கூடக் குறையலையா? பாட்டில் எங்க சார்?" எண்ணிய புழுக்களைப் பாட்டிலில் போட்டு வைப்பது எங்கள் வழக்கம். இருந்தால்தானே காட்ட? "போன மாசத்துச் சேத்தை இப்ப எங்க போய் எடுக்கறது?" என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

என் எண்களை அடித்தார். கட்டத்தைக் காலியாக விட்டு, 'என் குடும்பக் காரணத்தால் எடுக்கவில்லை' என்று தன் பெயரில் குறிப்பு எழுதினார். அந்த மழையில் புழுக்களுக்கு என்ன ஆனது என்று இனி யாருக்கும் தெரியாது. அவர் தேடியதே அதைத்தான். அந்தக் காலிக் கட்டத்தால் அவருடைய ஆய்வுக் கட்டுரை இரண்டு முறை திரும்பி வந்தது, நான் வாய் திறக்கவில்லை. அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு தள்ளிப்போனது, அப்போதும் வாய் திறக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

நினைவு மலரில் அச்சாகும் அட்டவணையில் அந்தக் குறிப்பைத் திருத்தி, என் பெயரைப் போடுங்கள். வரும் திங்கட்கிழமை காலை ஆறரைக்கு அந்த ஐந்து இடங்களிலும் நீர் வற்றும். நான் போகிறேன். மறுமாதமும் போவேன். என் முழங்கால் நின்றுபோனாலும் அம்மையாரின் வேலையை இந்த மாணவர்கள் நிற்க விடமாட்டார்கள்.

அவர் மகளான உங்களிடம் ஒன்று அம்மா, போன வாரம் வீட்டு வாசலில் நீங்கள் என்னிடம் சொன்னீர்கள்: "என்னாலதான் அவங்க வேலையில ஒரு ஓட்டை விழுந்துச்சு." அப்போதும் நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அது உங்களால் விழுந்ததல்ல அம்மா. என்னால்.